பின் சீட்டையும் பார்த்து எடுத்த வண்டி

என் கணவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. பாலக்காட்டு மாவட்டத்துப் பெருமாட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைக்கு இது கொஞ்சம் அபூர்வம்தான். தோப்புக்குப் போகவும் பால் ஊற்றவும் எல்லாரும் ஏதாவது ஒரு வண்டியை உதைத்துக்கொண்டிருக்கும் ஊரில், இவர் மட்டும் குடையும் சாப்பாட்டுப் பையுமாக நடந்துபோய்ப் பஸ் பிடிப்பார். சித்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. யாராவது கிண்டல் செய்தால், "எனக்கு ஓட்டறதுக்கு கெவர்மெண்டு ஆள் போட்டிருக்குதுங்க" என்பார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது, வருத்தமும் கிடையாது.

எனக்கு நேரெதிர். நினைவு தெரிந்த நாளிலிருந்து மோட்டார் சைக்கிள் என்றால் பைத்தியம். நான் பிறந்தது மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் என்கிற தேயிலை எஸ்டேட் ஊரில். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். மூணாறுக்கு ஏறுகிற சாலை எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழேதான் வளைந்து போகும். விடுமுறை நாட்களில் எங்கெங்கிருந்தோ பைக்குகளில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வண்டி வளைவு திரும்பிக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, சத்தத்தை வைத்து அது எந்த வண்டி என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அம்மா, "இதப் படிப்புல காட்டுட்டி" என்று திட்டுவார்.

படிப்பிலும் காட்டினேன். கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. கல்யாணமாகிச் சமவெளிக்கு இறங்கினேன். வீடு வீடாகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவதும் சினை ஊசி போடுவதும் என் வேலை. அதனால் ஊரில் என்னை டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தேன். ஊசி மருந்து வைக்கும் நைட்ரஜன் கேன் அதன் கால் வைக்கும் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். வேலைக்கு அது போதும். ஆனால் மனசுக்குப் போதவில்லை.

வேலந்தாவளம் சந்தை நாளில் மாடுகளைப் பார்க்க நானும் போவேன். கொம்பும் கயிறும் தூசியுமாக உள்ளே கூட்டம் முண்டும். வெளியே வேலியோரம் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். உள்ளே போகும்போது ஒரு சுற்று, வெளியே வரும்போது ஒரு சுற்று அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது, செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்களா, யார் வண்டியைக் குளிப்பாட்டுகிறார்கள், யார் கண்டுகொள்வதே இல்லை என்றெல்லாம் எனக்குத் தெரியும். ஒருநாள் ஒரு வியாபாரி கேட்டேவிட்டார்.

"ஏனுங்க அம்முணி, நீங்க மாட்டைப் பாக்க வந்தீங்களா, வண்டியைப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டையுந்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, செயின் தொளதொளவென்று தொங்குவதைக் காட்டி, இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டார். சொன்னேன்.

வீட்டில் சமைக்கும்போது மிக்ஸி மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வண்டி விமர்சனக் காணொளிகள் பார்ப்பேன். சாம்பார் அடிப்பிடித்த நாட்கள் உண்டு. மாட்டுத் தொழுவத்தில் காத்திருக்கும் நேரத்தில் அந்த வீட்டு முற்றத்தில் பைக் நின்றால், "ஒருவாட்டி உக்காந்து பாத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். எனக்கு உயரம் குறைவு. எந்த வண்டியில் உட்கார்ந்தால் என் கால் எவ்வளவு எட்டும் என்பது மனப்பாடம். இதையெல்லாம் என் கணவர் பல வருடங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை அவர் காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏம்புள்ள, ஊசி போடற ஊட்டுலயெல்லாம் ஏறி உக்காந்து பாக்கறதுக்கு, ஒண்ணு வாங்கிப்போடலாமல்ல?"

நான் சட்டென்று நிமிர்ந்து பார்த்தேன். கிண்டலில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். எந்த வண்டி வேணுமோ நீயே பாத்து எடு. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. பின்னாடி சீட்டு மட்டும் எனக்கு ஒத்து வரோணும். அத நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நாங்கள் இருவரும் வண்டி தேட ஆரம்பித்தோம்.

முதலில் லைசென்ஸ். என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கானது. கியர் வண்டிக்கு மறுபடியும் பழகி, 'எட்டு' எடுத்துக் காட்ட வேண்டும். தரையில் நட்ட கம்பிகளுக்கு நடுவே, கால் ஊன்றாமல் எட்டுப்போல வளைந்து வருவதுதான் அந்தப் பரீட்சை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கேரளத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரை ஆசான் என்பார்கள். அந்தப் பெண்ணையும் எல்லாரும் ஆசான் என்றே கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், அவர் என்னைச் சேச்சி என்றார்.

"கீழ நோக்கண்டாம் சேச்சி! கீழ நோக்கினா கீழதான் போவீங்க!" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார்.

முதல் தடவை கடைசி வளைவில் என் இடது கால் தானாகவே போய் மண்ணைத் தொட்டது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து முற்றத்தில் தேங்காய் மட்டைகளை அடுக்கி எட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரிலேயே சுற்றினேன். என் கணவர் படியில் உட்கார்ந்து, நான் மட்டையை இடித்தபோதெல்லாம் எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைத்தார். இரண்டாம் தடவை எடுத்துவிட்டேன். ஆசான் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் பாலக்காட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நான் பல காலமாக மனதில் வைத்திருந்தது ஒரு பெரிய வண்டி. கனமான இரும்பு, ஆழமான சத்தம், வட்டமான ஒற்றை விளக்கு. பள்ளிவாசல் வளைவில் வந்த வண்டிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஜாதிதான். கழுத்தில் டை கட்டிய விற்பனைப் பையன் நேராக என் கணவரிடம் போனான்.

"சார், இதுக்கு நல்ல பவர். மைலேஜும் மோசமில்லாம கிட்டும். சார் இப்ப ஏது வண்டி ஓட்டறீங்க?"

"தம்பி, எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க. ஊட்டுக்காரிகிட்டப் பேசுங்க."

பையன் சிரித்தான், விளையாட்டென்று நினைத்து. மறுபடியும் அவரிடமே கிளட்ச் பற்றி விளக்க ஆரம்பித்தான். அவரும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "இப்ப நீங்க சொன்னதுல எனக்கு வெளங்குனது ஒண்ணுமே இல்லீங்க. அந்தம்மா அந்தப்பக்கம் நிக்குது" என்று கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்து விட்டார். நான் கேட்ட நாலு கேள்விகளில் இரண்டுக்கு உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டு வந்துதான் பதில் சொன்னான். அதன்பிறகு அவன் என்னிடம் மட்டுமே பேசினான்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஓடும்போது சொர்க்கம். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கி உட்கார்ந்தது. நின்றபோதுதான் வினை. ரோட்டோரம் கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்திக் கால் ஊன்றினேன். கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. வண்டி அவசரமே இல்லாமல், படுத்துக்கொள்ளப் போகும் எருமைபோல, மெதுவாகச் சாய்ந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இருவர் ஓடிவந்து தாங்கினார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷோரூமுக்கு அதைத் திருப்பி ஓட்டி வந்தபோது, இது என்னோடு வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பினோம். அவர் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பின்னாடி சீட்டும் சொகமில்ல புள்ள. கடைல நிக்கறப்ப ஏறிப் பாத்தேன், பலகைல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நிஜமாகவே சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரங்களில் நாங்கள் பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் அவர் பின்னால் ஏறி, கண்ணை மூடி, பஸ்ஸில் தூங்குவதுபோல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார். "இது சறுக்குது", "இது குட்டை", "இதுல பிடிக்கக் கம்பியே இல்ல, எதப் புடிச்சுட்டு உக்காரறது?" என்று தீர்ப்புச் சொல்வார். கடைக்காரர்கள் திகைத்துப்போவார்கள். நான் எஞ்சினைப் பார்ப்பேன், அவர் ஸ்பாஞ்சைப் பார்ப்பார். எனக்குப் பிடித்தது அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது எனக்கு எட்டாது.

வண்டி கடைசியில் வந்தது ஒரு மாட்டு வீட்டிலிருந்து. பெருமாட்டியில் தோப்புக்கு நடுவே ஒரு வீடு. தாயும் மகனும் மட்டும். மகன் நர்ஸ். வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது பார்த்தேன்: சார்ப்புக்குக் கீழே, பழைய வேட்டி போர்த்தி ஏதோ நின்றது. மகன் வேட்டியை எடுத்தார். கரும்பச்சை நிறம். ரொம்பப் பெரிதுமில்லை, சின்னதுமில்லை. செயின் எண்ணெய் மினுங்கியது. யாரோ பிரியமாக வைத்திருந்த வண்டி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"குடுக்கறதாங்க?" என்றேன்.

"குடுக்கோணும்தான்" என்றார் அரை மனதாக. "ஆருக்குங்க?"

"எனக்குத்தான்."

மறுநாள் கணவரோடு போனேன். நான் வண்டியைப் பரிசோதிப்பேன் என்று பார்த்தால், அந்த நர்ஸ் என்னைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். இதற்கு முன் என்ன ஓட்டினீர்கள், வெயிலில் நிறுத்துவீர்களா, மழையில் நனைய விடுவீர்களா, இரவல் கொடுக்கிற பழக்கம் உண்டா. மாடு விற்கிறவர்கள்கூட என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

"பெரிய ஸ்டாண்டு போடுங்க பாக்கலாம்" என்றார்.

முதல் தடவை வண்டி அசையவில்லை. இரண்டாம் தடவை பாதி ஏறி இறங்கிவிட்டது. படுத்த மாட்டை எழுப்பும்போது கையால் தூக்க மாட்டோம்; நம் எடையைச் சரியான இடத்தில் வைத்தால் அதுவே எழும். அதேபோல ஸ்டாண்டின் மேல் ஏறி நின்றேன். வண்டி பின்னால் நகர்ந்து 'டக்'கென்று உட்கார்ந்தது. அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

அது உடனே போயும் விட்டது, நான் கேனைப் பற்றிப் பேசியதும்.

"பக்கத்துல கம்பி வெச்சு அடிக்கப் போறீங்களா? பால்காரங்க வண்டி மாதிரியா?"

"கேன் வேற எங்க வெக்கிறதுங்க?"

"வெல்டிங் வெக்கறதா இருந்தா குடுக்க மாட்டேனுங்க."

உள்ளேயிருந்து அவர் அம்மா குரல் கொடுத்தார்: "வாங்க வந்தவங்கள எதுக்குடா வெரட்டறே? நீ ஃபாரினுக்குப் போறப்ப அத இடுப்புலயா கட்டிட்டுப் போவே?"

வெகுநேரம் பேசினோம். முடிவில், வெல்டிங் கிடையாது, போல்ட்டு போட்டுக் கழற்றி மாட்டுகிறதுபோல ஒரு சட்டம் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். அவரே காகிதத்தில் அது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தும் கொடுத்தார்.

இந்தச் சமயமெல்லாம் என் கணவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்ட வண்டியின் பின் சீட்டில், கையில் அந்தம்மா கொடுத்த மோர் டம்ளரோடு, தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

"எப்பிடிங்க?" என்றேன்.

"இதுதான்" என்றார்.

எனக்கும் அதுதான். ஓட்டிப் பார்த்தபோது வாய்க்கால் கரைப் பள்ளங்களில் சக்கரம் தடுமாறாமல் ஏறி இறங்கியது. ஒரே குறை, சீட்டு எனக்குக் கொஞ்சம் உயரம். வண்டியை வாங்கியதும் வேலந்தாவளத்தில் சீட்டுக் கவர் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் கவரை உரித்து, முன்பக்க ஸ்பாஞ்சை நீளக் கத்தியால் சீவிச் சீவி எடுத்தார். என்னை உட்கார வைத்துப் பார்த்து, இறக்கி, மறுபடியும் சீவினார். பாதத்தில் பாதியாவது தரையில் பதிந்தபோது போதும் என்றேன்.

சீவிய துண்டுகளை அவர் குப்பையில் போடப் போனார். என் கணவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க, அத எதுக்கு வீசறீங்க? பின்னாடி வெச்சுத் தெச்சுருங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படியே தைத்துவிட்டார். என் இடத்திலிருந்து போன உயரமெல்லாம் அவர் இடத்துக்குப் போயிற்று.

முதல் சில நாட்கள் வண்டி சந்துக்குச் சந்து நின்றது. முச்சந்தியில் நடு ரோட்டில் அணைந்துபோய், பின்னால் கரும்புச் சக்கை ஏற்றிய டிராக்டர் காத்திருக்க, நான் வியர்த்து வழிந்ததுண்டு. அப்புறம் ஒருநாள் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாத காலம் மறந்தேபோனது. கேனுக்குச் சட்டம் மாட்டியாயிற்று. மாட்டு வீடுகளில் வண்டிச் சத்தம் கேட்டதுமே, "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று தொழுவத்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். வெளிநாடு போன நர்ஸ் இப்போதும் அவ்வப்போது செய்தி அனுப்புவார். நலம் விசாரிப்பது என்னையல்ல.

என் கணவரும் நன்றாகப் பழகிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தால், நான் இண்டிகேட்டர் போட்டிருந்தாலும் திரும்பும்போது கையை நீளமாக நீட்டிக் காட்டுவார். எதிரில் வருகிற தெரிந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வார். சிலர் சிரிப்பார்கள். அவர் அதையும் வணக்கமாகவே எடுத்துக்கொள்வார்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது. பள்ளிவாசலுக்கு வண்டியிலேயே போவது என்று கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் அவரிடம் பேப்பர் கேட்க, அவர் என்னைக் காட்ட, காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார். காட்டுக்குள் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மேலே வளைவில் ஒரு யானை. நானும் அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவருடைய கை என் தோளில் இறுகியது. யானை சாவகாசமாக மூங்கிலை முறித்துத் தின்றுவிட்டு இறங்கிப் போனது.

வரிசை நகர்ந்தபோது எனக்கு யானையைவிட ஏற்றம்தான் பயமாக இருந்தது. இரண்டு பேர், பை, செங்குத்தான சாலை. கிளட்சை விட்டேன், அணைந்தது. மறுபடியும் விட்டேன், மறுபடியும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவர் தானாகவே இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, மேலே சமமாக இருந்த இடம்வரை நடந்துபோய் ரோட்டோரம் நின்றார். பாரம் குறைந்ததும் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. நான் பக்கத்தில் வந்தபோது, பஸ்ஸுக்குக் காட்டுவதுபோல அவர் கையைக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு ஹெல்மெட் கண்ணாடி பனித்துவிட்டது.

மறையூரில் டீ குடித்தோம். அதற்கு மேல் தேயிலை தொடங்கியது; வளைவு, குளிர், மறுபடியும் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்ந்து நிமிர, நானும் அதோடு சாய்ந்து நிமிர்ந்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

வீட்டு முன்னால் நிறுத்தியபோது அப்பா வெளியே வந்தார்.

"வாங்க மாப்ள. ஏட்டி, நீயா ஓட்டிட்டு வந்த? அம்புட்டுத் தூரமுமா?"

"ஆமப்பா."

அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். என் கணவர், "மாமா, பின்னாடி சீட்டுல உக்காந்து பாருங்க" என்று அழைத்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா உள்ளேயிருந்து சேலையை மாற்றிக்கொண்டு, கூடையோடு வந்துவிட்டார்.

"அந்தாளு அப்பறம் உக்காரட்டும். மூணாத்துல மீன் வந்திருக்கும். வா, போயிட்டு வந்துருவோம்."

பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். காற்றில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்டதற்கும் கேட்காததற்கும் "ம்" என்றேன்.

திரும்பி வந்ததும் மீனைக் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அடுத்த மாசம் எம்மக இதே வண்டில என்னையப் பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. பத்து நாளு இருந்துட்டுத்தான் வருவேன்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"என்னட்டி இப்பிடிக் கேக்க? ரெண்டாவது வளைவுலதான 'ம்'னு சொன்ன?"

என் கணவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மழை தூற ஆரம்பித்தது. அப்பா உள்ளே போய் ஒரு தார்ப்பாயை எடுத்துவந்து வண்டியின் மேல் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்தார். நாங்கள் எல்லாரும் மீன் குழம்பு கொதிக்கிற வாசனையோடு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டோம்.